செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

எட்டு வாரத்துத் தகவலை ஒரே படமாக வரைந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அறுபத்தைந்து வீட்டுக்காரர்கள் இருக்கும் குழு. ஐந்து பதில் வந்தது. மூன்று கும்பிடு. ஒன்று ரோஜாப்பூ, காலை வணக்கத்தோடு. ஐந்தாவதாக எங்கள் குடிநீர்க் கமிட்டித் தலைவர் காந்திமதிநாதன் எழுதினார்: "இக்குழு அறிவிப்புகளுக்கு மட்டும்." பத்து நிமிடத்தில் வேறு யாரும் எழுத முடியாதபடி அதைப் பூட்டியும் விட்டார்.

அந்தப் படம் சொன்னது ஒரே ஒரு விஷயம். மேட்டு வரிசைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணீர் வருகிறது.

எங்கள் ஊர் வெள்ளறடைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தோட்டுக்கரையில், ஓடையோரம், ஒரு கிணறு. பாறைமேல் ஒரு தொட்டி. இரவில் மோட்டார் ஓடித் தொட்டியை நிறைக்கும். தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, வயலடியில் நாற்பத்தாறு வீடுகளைத் தொட்டுவிட்டு, எதிர்ச்சரிவில் ஏறி, பாறைவிளை என்னும் மேட்டு வரிசையில் பத்தொன்பது வீடுகளோடு முடிகிறது. வால்வு ஒன்றுதான். எங்கள் வரிசை தொட்டியைவிடக் கொஞ்சமே தாழ்வு. குழாயில் அழுத்தம் இருந்தால் தண்ணீர் ஏறும். இல்லையென்றால் குழாய் இருமும், அவ்வளவுதான்.

கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்பது கமிட்டியின் முடிவு. அதனால் மேட்டு வரிசை இணைப்பைத் துண்டித்துவிடுவது, அந்தப் பத்தொன்பது வீடும் டேங்கர் லாரியைப் பார்த்துக்கொள்வது. இது அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் தீர்மானமாக வர இருந்தது.

பாறைவிளையில் முதல் வீடு எங்களுடையது. அண்ணன் மஸ்கட்டில். வீட்டில் அவன் மனைவி பின்சி மைனியும் நானும். மைனி தோசைமாவு அரைத்துப் பாக்கெட் போட்டு பாறசாலை வரைக்கும் கடைகளுக்குக் கொடுக்கிறாள். இரண்டு கிரைண்டர், கூட வேலைக்கு இரண்டு பெண்கள். அரிசி கழுவ, உளுந்து கழுவ, கிரைண்டர் கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வராத நாளில் மாவு இல்லை. மாவு வராத நாளைக் கடைக்காரன் மறப்பதில்லை. ஏற்கெனவே இரண்டு கடை கைவிட்டாயிற்று. இணைப்பும் போனால் கிரைண்டரை விற்றுவிட்டு, நெய்யாற்றின்கரையில் பழைய துணிக்கடைக்கே திரும்ப வேண்டும். அங்கே ஆறு வருடம் நின்று காலில் நரம்பு சுருண்டவள்.

"நான் இனி நிக்கமாட்டேன் மக்கா," என்றாள். "அந்தக் கடையில இருக்க ஸ்டூல் கூட கெடையாது."

நான் திருவனந்தபுரத்தில் மூன்று வருடம் இரவுப் பணி பார்த்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் தகவலைச் சரிபார்த்து, அட்டவணை போட்டு, படம் வரைந்து அனுப்பும் வேலை. ஒருநாள் போகவில்லை. பிறகும் போகவில்லை. திரும்பி வந்தவனுக்குக் கமிட்டி ஒரு வேலை கொடுத்தது. மாதம் ஒருமுறை வீடுவீடாக மீட்டர் பார்த்து எழுதுவது. சும்மா இருக்கிறவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கொடுத்தார்கள். சும்மா இருந்ததால்தான் இதை ஆரம்பித்தேன்.

மேட்டு வரிசையில் பத்தொன்பது வீட்டையும் கேட்டேன். தண்ணீர் வந்தால் வந்த நேரத்தை எனக்கு அனுப்புங்கள், வராவிட்டால் ஒரு சைபர் அனுப்புங்கள். அனுப்பினார்கள். வயலடியில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல வெள்ளம் எப்பம் வருதுன்னு ஒனக்கென்னத்துக்கு?" என்றார்கள். எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். கமிட்டிச் செயலாளர் விமலகுமாரி ஒருத்தி மட்டும் ஒத்துக்கொண்டாள். அவள் வீடுதான் குழாயில் முதல் வீடு. வால்வு திறந்த இரண்டாவது நிமிடம் அங்கே தண்ணீர் விழும். அவள் அனுப்பிய நேரம்தான் எனக்கு வால்வு திறந்த நேரம்.

ஐம்பத்தாறு நாளில் மேட்டில் தண்ணீர் வந்தது ஏழு நாள். ஏழும் செவ்வாய்க்கிழமை. ஏழு நாளும் விமலகுமாரி வீட்டில் காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர் விழுந்திருக்கிறது. மற்ற கிழமையெல்லாம் நேரம் கண்டபடி இருந்தது. ஏழரை, ஒன்பது, பத்தே முக்கால்.

கமிட்டிக் கூட்டத்துக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். காந்திமதிநாதன் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டிக்கு நிலம் கொடுத்தது அவர் அப்பா. பதினான்கு வருட மினிட்ஸ் புத்தகமும் அவர் கையெழுத்து. திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார்.

"செவ்வாழ்ச்ச வெள்ளம் வரும், மத்த நாளு வராது. அப்பம் வெள்ளத்துக்குக் கலண்டர் பாக்கத் தெரியும்ணு சொல்லுதே."

சிரித்தார்கள்.

"கெணத்துல வெள்ளம் இல்லேண்ணா செவ்வாழ்ச்ச மட்டும் எங்கேந்து வரும் சாறே?" என்றேன்.

"அது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத்ததை மினிட்ஸ்ல எழுத ஒக்காது." புத்தகத்தை மூடினார். "பின்னே, ஒனக்க வீடு எங்கயாக்கும்? மேல. ஒனக்க மைனிக்கு மாவரைக்க வெள்ளம் வேணும். அதுக்கு நீ ஒரு படம் வரைஞ்சு கொண்டு வந்திருக்கே. நல்ல படம்."

வெளியே வந்தபோது எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. ஏன் செவ்வாய்க்கிழமை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. மூன்று வருடம் ஊர்பேர் தெரியாத ஆஸ்பத்திரிக்குப் படம் வரைந்ததில் அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. இடத்துக்குப் போய்ப் பார்ப்பது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வயலடியில் போய் நின்றேன். வால்வுக்காரர் செல்லையன் அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். பின்னால் பையோடு அவர் மனைவி லீலாபாய். செவ்வாய்தோறும் அவளை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போகிறார். ஐந்து ஐம்பது பஸ். வால்வைத் திறந்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தபடியே சொல்லிக்கொண்டு போனார்: "வெள்ளம் விட்டாச்சு. பிடிச்சுக்கிட்டு அடைச்சிடுங்கோ. நான் பஸ்ஸுக்குப் போறேன்." வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. செவ்வாய் என்றால் ஐந்தேகால் என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்தார்கள், நிறைந்தது, அடைத்தார்கள். ஆறரைக்கு மைனி போன் செய்தாள், எங்கள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று.

புதன்கிழமையும் போனேன். செல்லையன் வரவில்லை. அவர் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வெட்டி முடித்து, பாலெடுத்து, உறைய ஊற்றிய பிறகுதான் வால்வுக்கு வருவார். அன்று ஒன்பதரை ஆயிற்று. அதுவரை வயலடியில் ஒரு குழாய்கூட அடைத்திருக்கவில்லை. எல்லாக் குழாயும் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு அலுமினியப் போணி, தண்ணீர் பிடிக்கிற பாத்திரம், கவிழ்த்து வைத்தபடி.

அது என்ன என்று எனக்குக் கேட்காமலே தெரியும். பிறந்தது முதல் பார்க்கிறேன். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் போணியைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் விழுந்தால் போணி அடிக்கும். தோட்டத்தில் நின்றாலும் கேட்கும். ஓடிவந்து பிடிக்கலாம். யார் வீட்டிலும் இதுதான் வழக்கம். எங்கள் வீட்டிலும்தான்.

ஒன்பதரைக்கு நாற்பத்தாறு போணியும் அடித்தது. ஒரு வீட்டில் ஆள் வர ஐந்து நிமிடம், இன்னொரு வீட்டில் இருபது. தொழிலுறுதிப் பணிக்கு, நூறுநாள் வேலைக்கு, போன வீட்டில் யாரும் வரவே இல்லை. தண்ணீர் வாழை மூட்டுக்கு, மரத்தடிக்கு, ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வந்து பிடித்த வீட்டிலும் குழாயை யாரும் அடைக்கவில்லை. நிறைந்து வழிந்தது. பத்தே முக்காலுக்குத் தொட்டி காலி. குழாய் மேட்டில் ஏறவே இல்லை.

கிணற்றில் குறைவில்லை. நேரத்தில்தான் குறைவு.

செல்லையன் அண்ணனைத் தேடிப் போனேன். ஷீட் உலர்த்தும் ரப்பர்ப் புரைக்கு வெளியே ரோலரில் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் சக்கரம் சுற்றி, மறு கையால் உறைந்த பால் பாளத்தை உள்ளே தள்ளினார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஆட்டோமேட்டிக் வால்வு வைக்க வந்தியாலே?"

"என்ன ஆட்டோமேட்டிக் வால்வு?"

"கமிட்டி சாறு சொன்னாரு. நீ கம்ப்யூட்டரு வச்சு வால்வு தொறக்கப் போறியாம். எனக்கு இனி வேலை இல்லியாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர் எட்டு வாரமாக ஏன் என்னோடு பேசவில்லை என்று.

"அண்ணே, எட்டு செவ்வாழ்ச்ச நான் எழுதி வச்சிருக்கேன். ஏழு நாளு மேல வெள்ளம் ஏறியிருக்கு. ஒரு நாளு ஏறேல்ல. மூணாவது ஆழ்ச்ச."

ரோலர் நின்றது.

"மூணாவது ஆழ்ச்ச முந்தின ராத்திரி முழுக்க கரண்டு இல்ல. தொட்டி பாதிதான் நெறஞ்சு கெடந்து. இவளுக்குக் குளிக்கக்கூட வெள்ளம் இல்லாம மேல் தொடைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்." என்னைப் பார்த்தார். "இது ஒனக்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அவர் அது முடியும்வரை நின்றார்.

"மத்த நாளு?"

"சைபரு."

"நான் மேல உள்ளவனுக்கு வெள்ளம் விடாம வச்சிருக்கேன்னு சொல்லுதியா?"

"இல்லண்ணே. இந்த ரெண்டு மாசத்துல மேல வெள்ளம் ஏறுனது ஒங்களால மட்டுமாக்கும். நீங்க பஸ்ஸுக்குப் போற நாளு மட்டும்."

போணிகளைப் பற்றிச் சொன்னேன். தினமும் ஐந்தேகாலுக்குத் திறந்தால் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அஞ்சேகாலுக்குத் தொறந்தா ஆறரைக்கு அடைக்கணும். அப்பம் நான் மரத்துக்க மூட்டுல நிக்கணும். மரம் வெட்டுறது நீயா?"

"சாவி தந்தா நான் அடைக்கேன்."

வால்வைத் திருகும் முழ நீள இரும்புச் சாவி அது, உச்சியில் குறுக்குப் பிடியோடு. புரையின் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்தார். பிறகு ரோலரைச் சுற்றத் தொடங்கினார். "சாவி ஆருக்கும் குடுக்குறதில்ல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொன்றேகாலுக்கு, சபையின் ஞாயிறு பள்ளி ஹாலில் பொதுக்குழு. செல்லையன் அன்று இன்னும் வால்வைத் திறக்கவில்லை. கோயிலிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாவி காலடியில். காந்திமதிநாதன் தீர்மானத்தை வாசித்தார். பத்தொன்பது வீடுகளின் இணைப்பு, கிணற்றின் போதாமை, வருத்தத்துடன். மைனி கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகத்தில் மாவு காய்ந்திருந்தது.

நான் எழுந்தேன். லேப்டாப் கொண்டுபோகவில்லை. போணி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்க வீட்டு பைப்பு எப்பளும் அடைச்சாக்கும் கெடக்கும்," என்றான் சஜின். அவன் வீட்டில்தான் தண்ணீர் வாழைக்குப் போனது.

"எங்க வீட்டுலயும்."

"ஆரு போணி கவுத்துறது? அதெல்லாம் பண்டு."

அவர்கள் பேச்சுப்படி எல்லா வீட்டிலும் அடைத்துத்தான் கிடந்தது. நாற்பத்தாறு வீட்டிலும்.

"ஒனக்க மைனி மாவுல உப்பு கூடியிருக்குடே, அதுக்கு ஒரு படம் வரை," என்றான் பின்னாலிருந்து ஒருவன். மைனி திரும்பினாள். "கடன் சொல்லி வாங்கித் தின்னுட்டு உப்பு பாக்குதியா?" ஹால் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

விமலகுமாரி எழுந்தாள். "நேரம் எழுதிக் குடுத்தது நானாக்கும். அதுல கள்ளம் இல்ல. பின்னே, எனக்க வீட்டுல போணி உண்டு. இப்பளும் கவுந்துதான் கெடக்கு."

காந்திமதிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. பேனாவை வைத்தார்.

"பேச்சு வேண்டாம். செல்லையா, போய் இப்பம் வால்வைத் தொற. நாமெல்லாம் மேல போய்ப் பாப்போம். கெணத்துல வெள்ளம் இருந்தா ஏறட்டு. ஏறலேண்ணா அங்கயே கையெழுத்து."

கேட்பதற்கு நியாயம்போல இருந்தது. ஆனால் ஐந்தேகால் இல்லை இது, நடுப்பகல். யாருக்கும் சொல்லாத நேரம். கீழே நாற்பத்தாறு குழாயும் திறந்து கிடக்கும் நேரம். ஏறாது. இந்தச் சோதனையில் நான் தோற்பது உறுதி. வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே தோற்றேன். செல்லையன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறுபது பேர் குடை பிடித்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு ஏறினார்கள். மைனி வெளிக்குழாயைத் திறந்து வைத்தாள். கீழே ஒரு வாளி வைத்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். காந்திமதிநாதன் மினிட்ஸ் புத்தகத்தை, குழாயடியில் கழுவி வைத்திருந்த எங்கள் கிரைண்டர்மேல் விரித்தார். "பிபினே, ஒனக்க வெள்ளத்துக்கு இன்னைக்கு ஞாயிறாழ்ச்சன்னு தெரிஞ்சு போச்சு," என்றார் என்னைப் பார்த்து.

மைனி தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாறே, அது என்ன சத்தம்?"

எல்லாரும் கேட்டார்கள். கீழே வயலடியிலிருந்து வந்தது. முதலில் ஒரு தகரக்கூரையில் மழை விழுவதுபோல. பிறகு தனித்தனியாகப் பிரிந்தது. ஒன்று கனமாக, ஒன்று கிணுகிணுவென்று, ஒன்று உடைந்த குரலில். நாற்பத்தாறு வீட்டில் கவிழ்த்துவைத்த அலுமினியப் போணிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அடிக்க வேண்டிய நேரத்தில் அவை அடித்தன. ஓடிவந்து பிடிக்க வேண்டியவர்கள்தான் எங்கள் முற்றத்தில் நின்றார்கள்.

அவரவர் போணி அவரவருக்குத் தெரியும். முகத்தில் தெரிந்தது. சஜின் தரையைப் பார்த்தான்.

விமலகுமாரிதான் முதலில் போனை எடுத்தாள். "எலே, பைப்பை அடை. பிடிக்கண்டாம். அடை." காதில் போனை வைத்தபடியே கீழே பார்த்தாள். ஒரு சத்தம் நின்றது. எது நின்றது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு சஜின் எடுத்தான். இன்னொருத்தி எடுத்தாள். வீட்டில் ஆளில்லாத நாலைந்து பேர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து மேலே நின்றவர்கள் கத்தினார்கள், "எனக்க வீட்டையும் அடைச்சிடு மக்கா, சாவி ஜன்னல்ல உண்டு!" அடித்த சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முப்பது. பதினைந்து. ஐந்தாறு.

எங்கள் குழாய் இருமியது.

காற்று வந்தது, சீறிக்கொண்டு. நின்றது. மறுபடி சீறியது. செம்மண் நிறத்தில் ஒரு கை தண்ணீர் வாளியில் விழுந்தது. மைனி வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே இப்போது ஒரே ஒரு போணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல கனமான, பெரிய போணி. தொட்டிப் பாறைக்குக் கீழே, விமலகுமாரி வீட்டுக்கு அடுத்த வீடு. எல்லாரும் காந்திமதிநாதனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"பிச்சம்மா," என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அந்தப் பைப்பை அடை." அங்கிருந்து ஏதோ கேட்டார்கள். "அடைண்ணு சொன்னேன் இல்லியா."

கடைசிப் போணியும் நின்றது.

குழாய்த் தண்ணீர் வாளிக்கு வெளியே அடித்தது. மைனியின் முகத்தில், சட்டையில், மினிட்ஸ் புத்தகத்தில். தெளிந்த தண்ணீர், விரல் பருமனில், விடாமல். பக்கத்து வீட்டிலிருந்து "இங்கயும்!" என்று கத்தினார்கள். அதற்கு அடுத்த வீட்டிலும். பத்தொன்பதாவது வீட்டிலிருந்து கத்தல் வந்தபோது வயலடிக்காரர்களே கைதட்டினார்கள். உப்பு கூடியது என்று சொன்னவன்தான் பலமாகத் தட்டினான். மைனி வாளி நிறைந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? குழாயை அடைத்தாள். "மேல உள்ளவங்களுக்குப் போவட்டு," என்றாள். அவளுக்கு மேலே பதினெட்டு வீடு இருந்தது.

தீர்மானத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நனைந்த பக்கத்தில் போடவும் முடியாது. அடுத்த பக்கத்தில் காந்திமதிநாதன் அங்கேயே நின்று எழுதினார். தினமும் காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர், ஆறரைக்கு அடைப்பு, மற்ற நேரத்தில் எல்லாக் குழாயும் அடைத்திருக்க வேண்டும். "கமிட்டியின் நீண்டநாள் ஆய்வுக்குப் பின், தலைவரின் முன்மொழிவின்படி, ஒருமனதாக." மைனி தோளுக்குமேல் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பேர் இருந்தால் அதை மாற்ற அவரே விடமாட்டார்.

மாறவும் இல்லை. மூன்று வாரத்தில் மேட்டு வரிசைக்கு இருபத்தொரு நாளில் இருபது நாள் தண்ணீர் வந்திருக்கிறது. விட்டுப்போன இரண்டு கடையும் மாவுக்கு ஆள் அனுப்பின. மைனி ஒரு கடைக்குத்தான் கொடுத்தாள். மற்றவன் ஆறு மாதம் காத்திருக்கட்டும் என்றாள். வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிட்டார்கள். வயலடிக்காரர்களும் இப்போது நேரம் போடுகிறார்கள். ரோஜாப்பூவும் வருகிறது.

அந்த முதல் திங்கட்கிழமை, ஐந்தேகாலுக்கு வால்வடியில் போய் நின்றேன். செல்லையன் தலையில் டார்ச் கட்டி, பால்கத்தியோடு வந்தார். திறந்தார். தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு சாவியை என் கையில் வைத்தார். நினைத்ததைவிடக் கனம்.

"அடைக்க மட்டும்," என்றார். "தொறக்குறது நானாக்கும்."

மரத்துக்குப் போகிறவர் பாதி வழியில் திரும்பினார்.

"எலே, நேத்தைக்கு எத்தனை வீட்டுல ஏறிச்சு?"

"பத்தொம்பது."

"எழுதியிட்டியா?"

"எழுதியாச்சு."

அவர் போனார். நான் ஆறரை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.